எலும்பு தின்ற பசுவும் எட்டு லிட்டர் பாலும்

ஆவணி மாதம் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி நாற்பது நிமிடம். வெள்ளிமலைப் பக்கம் நூல் நூலாகத் தூறல். பக்கத்து மரம் தெரிந்தது, அதற்கு அடுத்த மரம் தெரியவில்லை. நான் ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. ஒரு மலை ஊரில், பாயின் டீக்கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, பெட்டியைத் திறந்து கையுறைகளை எண்ணினேன். ஐந்து ஜோடி. வீட்டிலிருந்து கிளம்பும்போதும் ஐந்துதான். இருந்தாலும் எண்ணினேன். பதறினால் எண்ணுவது என் சுபாவம். அதை என் குறையாகச் சொல்வார்கள். அன்றைக்கு அதுதான் கைகொடுத்தது, பிறகு அதுவே காலையும் வாரிவிட்டது. கல்வராயன் மலைக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருக்கும் கால்நடை மருத்துவர்களே, இரண்டையும் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

அதிகாலையில் அந்த ஊர் அலமேலு போன் செய்திருந்தாள். கணவன் கேரளாவில் மிளகுத் தோட்டத்தில் வேலை. இரண்டு வருடம் அவன் அனுப்பிய பணத்தைச் சேர்த்து, சங்கராபுரம் பக்கத்திலிருந்து ஒரு கலப்பின மாடு வாங்கி மலைக்கு ஏற்றியிருந்தாள். கறக்கும் பாலெல்லாம் பாய் கடை டீக்குப் போகும். குடும்பம் அதில்தான் நடந்தது.

"சார், மாடு எலும்ப தின்னுது சார். நாலு நாளா ஒளிஞ்சி ஒளிஞ்சி தின்னுக்கினு இருந்துச்சு. நேத்து ராத்திரிலேர்ந்து வாயில நொர தள்ளுது. தீனி எடுக்கல. வெறி நாய் கடிச்ச மாடுங்கறாங்க. மதியத்துக்குள்ள அடிச்சிப் பொதைக்கணும்ங்கறாங்க. நீங்க வாங்க சார்."

போன மாதம் அந்த ஊரில் ஒரு வெறிநாயை அடித்துக் கொன்றது உண்மை. ஆகவே ஊர் பயப்பட்டதில் தவறே இல்லை. வெறிநோய் கண்ட மாடு கல்லைக் கடிக்கும், கட்டையைக் கடிக்கும், எச்சில் ஒழுக நிற்கும், விழுங்க முடியாமல் தவிக்கும். புத்தகத்தில் நீங்களும் படித்ததுதான்.

மாட்டைச் சுற்றி நாற்பது பேருக்குமேல் நின்றார்கள். கிட்டே யாரும் போகவில்லை. பலா மரத்தில் கட்டியிருந்தது. கருப்பும் வெள்ளையும் கலந்த மாடு. வாயின் இடப்பக்கத்திலிருந்து கயிறு போல எச்சில் தொங்கியது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்திருந்தது. தண்ணீர் வாளியில் மூஞ்சியை விட்டது. உறிஞ்சியது. பாதிக்குமேல் வாய் வழியாக வெளியே கொட்டிவிட்டது.

"பாத்தீங்களா டாக்டரே, தண்ணி முழுங்க முடியல," என்றார் ஊர்க்கவுண்டர். ஊரில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. "இதுக்கு மேல இன்னா பாக்கணும்? நாங்க குழி வெட்டிட்டோம். நீங்க ஒரு வார்த்த சொன்னா முடிச்சிடுவோம்."

டீக்கடை பாய் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். சொந்த ஊர் தியாகதுருகம். பதினோரு வருடமாக மலையில் கடை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பிரியாணி போடுவார். அந்தப் பிரியாணி எலும்பைத்தான் மாடு தின்றது என்று ஊர் அவர்மேலும் பாய்ந்திருந்தது.

"நான் எலும்ப கடைக்குப் பின்னாடி கொட்டுனேன் சார், மாட்டு வாயில கொட்டல," என்றார் என்னிடம். "இத்தினி நாளா இந்த மாட்டுப் பால்லதான் ஊருக்கே டீ குடுத்துக்கினு இருக்கேன். இப்ப எல்லாரும் என்னத்தான் பாக்கறாங்க."

"நீயும்தான குடிச்ச?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"அதான நானும் பயந்துபோய் நிக்கறேன்."

காய்ச்சிய பாலால் ஒன்றும் வராது என்று முதலில் சொன்னேன். பிறகு அலமேலுவை அழைத்து, மாட்டின் எச்சிலைத் தொட்டாளா என்று கேட்டேன். முந்தானையால் துடைத்துவிட்டேன் என்றாள். சோப்புப் போட்டுக் கையைக் கழுவச் சொன்னேன். தேய், இன்னும் தேய் என்று எண்ணிக்கொண்டே நின்றேன். கழுவி முடித்ததும், முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வா என்றேன்.

"அப்போ வெறிதானா சார்?"

"தெரியாது. தெரியாததனால்தான் போகச் சொல்கிறேன்."

"மாட்ட உட்டுட்டுப் போனா, வர்றதுக்குள்ள அடிச்சிடுவாங்க. நான் போமாட்டேன்."

"நீ திரும்பி வருகிறவரை அது உயிரோடு இருக்கும். போ." அப்படிச் சொல்ல எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, யாரோ ஒருவருடைய வண்டியில் ஏறிப் போனாள்.

இங்கேதான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. நாற்பது பேர் ஒரு பதிலுக்காக உங்கள் வாயையே பார்க்கும்போது, மாட்டைப் பார்ப்பது கஷ்டம். எப்படிச் சொன்னாலும் கேடு வரலாம். வெறி என்று சொல்லி அது இல்லையென்றால், ஒரு குடும்பத்தின் இரண்டு வருட உழைப்பைக் குழியில் தள்ளியவன் நான். இல்லை என்று சொல்லி அது வெறியாக இருந்தால், அடுத்த பிணம் மாடாக இருக்காது. நான் ஒரு கல்மேல் சாக்கைப் போட்டு உட்கார்ந்தேன்.

"இன்னா டாக்டரே, ஒக்காந்துட்டீங்க?"

"எண்ணப் போகிறேன்."

"இன்னாத்த எண்ணப் போறீங்க?"

காதுகளை எண்ணினேன். அதாவது, ஈ உட்காரும்போதெல்லாம் காது அடிக்கிறதா என்று. இருபது ஈக்குப் பத்தொன்பது முறை அடித்தது. வால் அடித்தது. தொழுவத்துக்குள் கன்று கத்தியது. உடனே இந்த மாடு தலையைத் திருப்பிக் கத்தியது. குரல் கரகரக்கவில்லை, அடைக்கவில்லை. தாயின் குரல்தான். கூட்டத்தைப் பார்த்து முட்ட வரவில்லை. பாயின் சட்டைக் கைப்பக்கம் மூஞ்சியை நீட்டி, வியர்வை உப்பை நக்கப் பார்த்தது. பாய் மூன்றடி பின்னால் குதித்தார்.

பிறகு நான் காத்திருந்தது நடந்தது. கழுத்தில், கீழிருந்து மேலாக ஓர் உருண்டை ஏறியது. மாடு அசைபோட ஆரம்பித்தது.

வெறி முற்றிய மாடு அசைபோடாது. நல்ல மாடு, ஓர் உருண்டையை ஐம்பது தடவைக்கு முன்னே பின்னே மெல்லும். அப்புறம்தான் விழுங்கும். நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று... ஒன்பதில் நின்றது. தலையை உதறியது. நாக்கை இடப்பக்கமாக நீட்டித் துழாவியது. அரைகுறையாய் மென்ற பச்சை உருண்டை அப்படியே தரையில் விழுந்தது. அடுத்த உருண்டை. எட்டில் நின்றது. மறுபடி உதறல், அதே இடப்பக்கம். மூன்றாவது உருண்டை, மறுபடி ஒன்பது.

மெல்ல ஆசை இருக்கிறது, மெல்ல முடியவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் ஏதோ இடிக்கிறது. நோய் இப்படி ஒரே பக்கமாகத் தகராறு செய்யாது. வாய்க்குள் ஏதோ ஒரு பொருள் மாட்டியிருக்கிறது.

இது என் ஊகம்தான், உறுதி இல்லை. நான் முன்கூட்டியே வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொண்டவன். நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள், போடாமல் எந்த மாட்டின் வாயிலும் கையை விடாதீர்கள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஜோடி கையுறை மாட்டினேன். மூக்குக் கயிற்றைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்றேன். நாற்பது பேரும் வானத்தைப் பார்த்தார்கள்.

"எலும்பு என் கடையோடதுதான," என்றார் பாய். "குடுங்க." அவருக்கும் இரண்டு ஜோடி மாட்டிவிட்டேன். எச்சில் எட்டாத தூரத்தில், மரத்துக்குப் பின்னால் நின்று, கயிற்றை மட்டும் இழுத்துப் பிடிக்கச் சொன்னேன்.

"சார், கண்ண மூடிக்கலாமா?"

"மூடிக்கொள்ளுங்கள். கயிற்றை விடாதீர்கள்."

வாயை விரித்து நிறுத்தும் இரும்புக் கருவியைப் பொருத்தி, டார்ச்சை அடித்தேன். மேல்வாய்க் கடைவாய்ப் பற்களின் இரண்டு வரிசைக்கும் நடுவே, அண்ணத்தில் பாலம் போட்டதுபோல ஓர் எலும்பு. ஆட்டின் இடுப்புப் பக்கத்து முதுகெலும்பு. இரண்டு பக்கமும் சிறகு விரித்த மாதிரி நீட்டிக்கொண்டிருக்குமே, அந்தத் துண்டு. வலச் சிறகு ஒரு பல்லின் உள்பக்கத்தில் செருகியிருந்தது. இடச் சிறகு ஈறில் குத்தியிருந்தது. கட்டைவிரலால் பின்பக்கமாகத் தள்ளி ஒரு திருகு திருகினேன். கையோடு வந்துவிட்டது.

மாடு நாக்கால் அண்ணத்தைத் தடவிப் பார்த்தது. மறுபடி தடவியது. பிறகு வாளிக்குள் மூஞ்சியை விட்டு, ஒரு சொட்டு வெளியே சிந்தாமல் அடிவரை குடித்தது.

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும். பாய் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. "ஆச்சா சார்? ஆச்சா?" என்றார். "கயித்த உடுங்க பாய், அது உங்களவிட நல்லா கீது," என்றார் ஒருவர்.

கால் மணி நேரத்தில் மாடு அசைபோட்டது. ஐம்பத்திரண்டு. அவ்வளவு அழகான எண்ணை நான் அதற்குமுன் கேட்டதில்லை. ஆனாலும் பத்து நாள் கன்றைத் தனியாகக் கட்டச் சொன்னேன். அந்தப் பத்து நாளும் மாட்டைக் கண்காணித்தேன். அலமேலு தொடங்கிய ஊசியையும் முழுக்கப் போட வைத்தேன். எலும்பு மாட்டியிருந்தது நிஜம். அதனால் வெறி இல்லவே இல்லை என்று ஆகிவிடாது. நீங்கள் சொன்னது சரியாகப் போன அன்றைக்குத்தான் நீங்கள் அதிகம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

இதோடு முடிந்திருந்தால் எனக்குச் செலவே இல்லை.

ஊர்க்கவுண்டர் அந்த முதுகெலும்புத் துண்டை ஒரு குச்சியால் புரட்டிப் பார்த்தார். "வெறி இல்ல, சரி. ஆனா எலும்ப தின்னுச்சில்ல? எலும்பு தின்ன மாட்டுப் பால எப்புடிங்க குடிக்கறது? சாமிக்கு ஊத்தற பாலு. கொழந்தைக்கு ஊத்தற பாலு. பசுவா அது, இன்னா அது?"

அலமேலு திரும்பி வந்திருந்தாள். மாடு பிழைத்தது, பால் விற்காது. அவள் அளவில் இரண்டும் ஒன்றுதான்.

நான் விளக்கினேன். உங்கள் மலை மாடு சின்ன மாடு, ஒன்றரை லிட்டர் கறக்கும். இந்த மண்ணில் முளைக்கிற புல் அதற்குப் போதும். இது எட்டு லிட்டர் கறக்கிற மாடு. பாலுக்குள் போகிற சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸ் என்கிற மணிச்சத்தும் புல்லில் அவ்வளவு இல்லை. இல்லாததை எங்கிருந்து எடுக்கும்? தன் எலும்பிலிருந்து எடுக்கும். எலும்பு என்றால் வெறும் தூண் என்று நினைக்கிறோம். அது நெல் சேர்த்துவைக்கிற குதிர் மாதிரியும்கூட. இந்த மாடு தினமும் தன் குதிரிலிருந்து அள்ளி அள்ளி உங்கள் டீக்குக் கொடுத்திருக்கிறது. குதிர் காலியானதும், வெளியே கிடந்த இன்னோர் எலும்பைத் தேடிப் போயிருக்கிறது. அதற்குக் கறி ஆசை வரவில்லை. தனக்கு எது குறைகிறது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

ஒரு கிழவர் தலையாட்டினார். "கர்ப்பமா இருக்கச்சொல்ல பொம்பளைங்க சாம்பல் தின்ற மாதிரி."

"அதேதான்."

"அப்போ குறையறத குடுத்தா எலும்ப உட்டுடுமா?" என்றார் கவுண்டர்.

"தாது உப்புக் கலவை தருகிறேன். விட்டுவிடும்."

"எத்தினி நாளுல?"

எண்ணி எண்ணிப் பழகிய வாய். எண் இல்லாமல் ஒரு பதில் சொல்ல எனக்கு வரவில்லை. "இருபத்தொரு நாள்," என்றேன். அந்த இருபத்தொன்று எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எந்தப் புத்தகத்திலும் இல்லை.

"சரி. இருபத்தொரு நாளு கழிச்சி நாங்களே எலும்பு போட்டுப் பாப்போம். தின்னலன்னா பால் வாங்கறோம். அதுவரைக்கும்?"

பாய் தரையைப் பார்த்தார். "நான் வாங்குனாலும் இவங்க டீ குடிக்கமாட்டாங்க சார். கடைய மூட வேண்டிதான்," என்றார் மெதுவாக.

"அதுவரை பால் முழுக்க நான் வாங்கிக்கொள்கிறேன்," என்றேன். லிட்டர் முப்பத்து நாலு ரூபாய், பாய் கொடுத்துக்கொண்டிருந்த அதே விலை.

மறுநாளிலிருந்து, அலமேலு மாலைப் பாலைக் காய்ச்சி, காலைப் பாலோடு சேர்த்துக் கொடுத்தனுப்ப, கேன் முதல் பேருந்தில் சங்கராபுரத்துக்கு என் வீட்டுக்கு வந்தது. நடத்துநருக்குக் கேனுக்கு நாளொன்றுக்குப் பத்து ரூபாய். வீட்டில் நானும் மனைவியும் இரண்டே பேர்.

"இன்னைக்கும் எட்டா?" என்பாள் மனைவி.

"எட்டு."

"தயிர் ஒறைக்கப் பாத்திரம் இல்ல. உங்க ஊசி டப்பாவ குடுங்க, அதுலயும் ஊத்தி வெக்கறேன்."

பக்கத்து வீடுகளுக்குத் தயிர், எதிர்வீட்டுக்குப் பால்கோவா, தெருமுனைத் தையல்காரருக்கு மோர். காசு கேட்க எனக்குக் கூச்சம், அவளுக்கும் கூச்சம். ஒரு வாரத்தில் தெருவே எங்களைப் பார்த்துச் சிரித்தது. அடுத்த வாரம், எங்களைப் பார்த்ததும் பாத்திரத்தை ஒளித்தது.

இருபத்தோராம் நாள் போனேன். பாய் கடைக்குப் பின்னால், நான் சொன்னபடி, எலும்பு கொட்ட மூடியோடு குழி வெட்டியிருந்தார். வெளியே கிடந்து மக்கும் எலும்பில் நஞ்சு ஊறும், மாட்டைக் கால் மடக்கிப் படுக்கப்போட்டுக் கொல்லும். இதை மலையில் எல்லோருக்கும் சொல்லுங்கள். பரீட்சைக்கென்று பாயே வேகவைத்த ஒரே ஓர் எலும்பை இலையில் கொண்டுவந்தார். ஊர் கூடி நின்றது. மாட்டின் தோல் மினுமினுத்தது, கண் தெளிந்திருந்தது. எனக்கு நம்பிக்கை வந்தது.

மாடு எலும்பை மோந்தது. இரண்டு தடவை நக்கியது. வாயில் எடுத்துக்கொண்டது.

நான் எண்ணினேன். பதினோரு மெல்லல். கீழே போட்டது. முன்பெல்லாம் கம்பால் அடித்தாலும் விடாது என்று அலமேலு சொல்லியிருந்தாள். இப்போது தானாகப் போட்டுவிட்டது. உடம்பின் தேவை குறைந்திருக்கிறது, வாயின் பழக்கம்தான் மிச்சம் என்று எனக்குப் புரிந்தது. ஊருக்கு அதுவா கேள்வி?

"தின்னுச்சா, இல்லியா?" என்றார் கவுண்டர்.

"தின்றது."

"இன்னும் எத்தினி நாளு?"

முப்பது என்ற எண் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். "தெரியாது. குறையும். எத்தனை நாளில் என்று எனக்குத் தெரியாது."

நாற்பது பேரும் என்னைக் கிழித்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "இத மொதல்லயே சொல்லியிருந்தா நாங்களும் சரின்னு இருந்திருப்போம்ல? மாடு இன்னா காலண்டர் பாத்தா தின்னுது?" என்று சிரித்தார். "பாப்போம் போங்க. அதுவரைக்கும் நீங்களே குடிங்க."

முப்பத்தொரு வருட வேலையில், தெரியாது என்ற சொல்லை ஓர் ஊருக்கு முன்னால் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. முதல் நாள் காலை அலமேலுவிடம் சொன்னது வேறு, அது பயத்தில் வந்தது. சொல்லிப் பாருங்கள். நீங்கள் நினைக்கிற அளவுக்கு மானம் போகாது.

பால் வந்துகொண்டே இருந்தது. நாற்பத்தேழாம் நாள் காலை, பேருந்து வந்தது, கேன் வரவில்லை. அலமேலுவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். ஆறு தடவை. நஞ்சா, கழிச்சலா, கால் முறிவா? சத்துக் குறைந்த எலும்பு, சரிவில் ஒரு வழுக்கலுக்குத் தாங்காதே. அடுத்த பேருந்தில் ஏறினேன். வழியெல்லாம் வளைவுகளை எண்ணிக்கொண்டு போய், எத்தனை என்று மறந்துபோன ஒரே பயணம் அது.

பாய் கடை வாசலில் அலமேலு நின்றுகொண்டிருந்தாள். கையில் காலிக் கேன்.

"மாட்டுக்கு என்னம்மா?"

"இன்னா சார் இப்புடி ஓடியாறீங்க? மாடு மேயுது." சிரிப்பை அடக்க முடியாமல் கடைக்குள் கையைக் காட்டினாள். "பால் எல்லாம் உள்ள கீது."

பெஞ்சில் கவுண்டர் உட்கார்ந்திருந்தார். கையில் டீ. நடந்ததை அவரே சொன்னார். விடிகாலையில் ஒரு நாய் எங்கிருந்தோ ஓர் எலும்பை இழுத்துவந்து வழியில் போட்டிருந்தது. மாடு நேராக அதை நோக்கி வந்தது. கவுண்டர் நின்று பார்த்தார். மாடு மோந்துகூடப் பார்க்கவில்லை. எலும்பைத் தாண்டிக் காலை வைத்து, அலமேலு வீட்டுத் தொட்டிக்குப் போய், தாது உப்பை நக்க ஆரம்பித்தது.

"யாரும் பரீட்ச வெக்கல டாக்டரே. அதுவா தாண்டுச்சு. நான்தான் பாய்கிட்ட சொன்னேன், அந்த மாட்டுப் பால்லயே மொத டீ எனக்குப் போடுன்னு." ஒரு வாய் உறிஞ்சினார். "திட்டமா கீது. நீங்க நாப்பத்தாறு நாளு ஒத்தையா குடிச்சிக் கொழுத்துட்டீங்க."

பாய் எனக்கும் ஒரு டீ கொடுத்தார். அலமேலுவுக்கும் ஒன்று. காலைத் தூறல் நின்று வெயில் வந்திருந்தது. எதிரே சரிவில் அந்த மாடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. நான் எண்ணவில்லை. எண்ணாமல் ஒரு டீயை முழுசாகக் குடித்தேன்.

எழுந்தபோது பாய் கல்லாவிலிருந்து குரல் கொடுத்தார். "மூணு டீ சார். முப்பது ரூபா."

"மூன்றா?"

"கவுண்டர் உங்க கணக்குலதான் எழுதச் சொன்னாரு. கடைசிக் கணக்காம்."

பால் நாற்பத்தாறு நாளைக்குப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூற்றுப் பன்னிரண்டு. நடத்துநருக்கு நானூற்று அறுபது. டீ முப்பது. மொத்தம் பதிமூவாயிரத்து இரண்டு ரூபாய்.